ஜெர்மனியில் இருந்த அம்மாவுக்கு நான் சொன்ன பதில்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஓர் ஆடி மாதத்தில் இது தொடங்கியது. எங்களுக்குச் சேலத்துக்குப் பக்கத்தில் ஆட்டையாம்பட்டி. கணவர் விசைத்தறி ஓட்டுகிறார். காது கேளாத பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியில் நான் தையல் சொல்லித் தருகிறேன். ஒரு நாள் எங்கள் தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டார்.

"ஜெர்மனியில இருந்து ஒரு புள்ள வருதுங்க. ஒரு வருசம் நம்ம பிள்ளைகளோட இருக்கும். உங்க ஊட்டு மாடி ரூம் சும்மாதானுங்களே கெடக்குது? அங்க தங்க வச்சுக்கிறீங்களா?" என்றார்.

சரி என்று சொல்லிவிட்டேன். வந்தவளைப் பார்த்தால் என் மகள் வயதுதான். என் மகள் அப்போது பிளஸ் டூ. வந்தவள் அதை முடித்துவிட்டு நேரே இங்கே வந்திருந்தாள்.

தெருவில் ஒருவர் விடாமல் விசாரித்தார்கள். "ஏனுங்க, பரீட்சையில போயிருச்சுங்களா அந்தப் புள்ளைக்கு?" என்று எதிர்வீட்டு அக்கா ரகசியமாகக் கேட்டார். இல்லை, நல்ல மதிப்பெண்தான், அவர்கள் ஊரில் கல்லூரிக்குப் போவதற்கு முன்னால் இப்படி ஒரு வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வருவது உண்டாம் என்று சொன்னேன். "அப்ப ஒரு வருசம் வீணுங்களா?" என்றார் அவர். அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. வயசுப் பெண்ணைத் தெரியாத ஊருக்குத் தனியாக அனுப்பிவிட்டு அங்கே நிம்மதியாக இருக்கிற அந்த அம்மா எப்படிப்பட்டவராக இருப்பார்?

அவள் பள்ளிப் பிள்ளைகளிடம் சைகை மொழியைத்தான் முதலில் கற்றாள். தமிழ் அதற்குப் பிறகு வந்தது. அதுவும் எங்கள் ஊர்த் தமிழ். எல்லாவற்றுக்கும் 'ங்க' போடுவாள். வாசலில் படுத்திருக்கும் தெருநாயிடம், "கொஞ்சம் தள்ளுங்க" என்பாள். மாவு ஆட்டுவது, தறியில் நூல் அறுந்தால் முடிச்சுப் போடுவது, எதைப் பார்த்தாலும் ஏன், எப்படி என்று கேட்பாள். நானும் விடமாட்டேன். உங்கள் ஊரில் பனி பெய்தால் துணியை எங்கே காயப்போடுவீர்கள், மாமியார் கூடவே இருப்பாரா என்று பதிலுக்குக் கேட்பேன்.

மழைக்காலம் முடியும் சமயத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் நிலவேம்புக் கஷாயம் கொடுத்துப் பார்த்தோம். மறுநாளும் விடவில்லை. சேலத்தில் ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். டெங்கு என்றார்கள். சேர்த்து, குளுக்கோஸ் ஏற்றினார்கள். நான் பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அவள் கூடவே இருந்தேன்.

அவளை அனுப்பிய அமைப்பின் பொறுப்பாளர் சென்னையில் இருந்து கிளம்பியிருந்தார். காய்ச்சலுக்குச் சேர்த்திருக்கிறோம் என்பது மட்டும் அவள் வீட்டுக்குத் தெரியும். ஆனால் அன்று மத்தியானம் வந்த பரிசோதனையில் ரத்தத் தட்டணுக்கள் நன்றாகக் குறைந்திருந்தன. இன்னும் குறையலாம், கவனமாகப் பார்க்க வேண்டும் என்றார் மருத்துவர்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா போன்ல பேசுவாங்க. உங்ககிட்டத்தான் கேப்பாங்க. சின்னக் காய்ச்சல்னு சொல்லுங்க. இல்லைன்னா கூப்பிட்டுக்குவாங்க. இன்னும் பாதி வருசம் இருக்குதுங்க" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. நான் அவள் நெற்றியில் இருந்த ஈரத்துணியை மாற்றிப் போட்டேன்.

சாயங்காலம் வீடியோவில் அந்த அம்மா வந்தார். குட்டையான நரைமுடி, மூக்குக்கண்ணாடி. எனக்கு ஆங்கிலம் ஓடாது என்பதால் என் மகள் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்துச் சொன்னாள். எப்படி இருக்கிறாள் என்று அவர் கேட்டார். மருத்துவர் சொன்னது முழுவதையும் நான் விவரமாகச் சொன்னேன். என் மகள் அதை இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டாள். எனக்கு உடனே புரிந்துவிட்டது.

"நான் சொன்னத அப்படியே சொன்னியா?"

"அம்மா, நீ சும்மா இரு. பாவம் அவ" என்றாள் மகள், சிரித்த முகத்தோடு போனைப் பார்த்துக்கொண்டே.

அந்த அம்மா எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். என் மகள் இப்படிக் கிடந்து, யாரோ ஒருத்தி எனக்கு இப்படிச் சொன்னால்? போனை மகள் கையில் இருந்து வாங்கினேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தைப் பொறுக்கிச் சேர்த்தேன். "நோ ஸ்மால் ஃபீவர். டெங்கு. பிளட் கவுண்ட் டவுன். நோ ஈட்டிங். டாக்டர் குட். ஐ ஹியர். நாட் கோயிங்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே யோசித்து, தமிழில் கேட்டார். "நீங்க சாப்ட்டீங்களா?"

தன் மகளிடம் போனில் கேட்டுக் கேட்டுக் கற்றிருக்கிறார். இங்கே வந்தால் எங்களோடு பேச வேண்டும் என்பதற்காகவாம். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

கட்டிலில் இருந்தவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதன்பின் என்னிடம் பேசவில்லை. மறுநாள் காலையில் கஞ்சி கொடுத்தபோதும் வேண்டாம் என்று கையை மட்டும் காட்டினாள். அந்த வருடத்தை நான்தான் கெடுத்தேன் என்று நினைத்தாள். எனக்கே அந்தச் சந்தேகம் வந்தது.

அன்று மத்தியானம் அந்த அம்மா மறுபடியும் அழைத்தார். இந்த முறை என் மகள் ஒன்றையும் குறைக்காமல் தமிழில் சொன்னாள்.

"நேத்துக் காலையிலயே டிக்கெட் பாத்து வச்சுட்டாங்களாம்மா, கூட்டிட்டுப் போயிரலாம்னு. எல்லாரும் ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு சொல்லச் சொல்லத்தான் அவங்களுக்குப் பயமே வந்துச்சாம். நீ கவுண்ட் எறங்குதுன்னு சொன்னதும், உண்மையைச் சொல்ற ஒருத்தர் பக்கத்துல இருக்காங்கன்னு தைரியமாயிருச்சாம். அவ நெனைச்சா வருசம் முடியற வரைக்கும் இங்கயே இருக்கட்டும்னு சொல்றாங்க."

கட்டிலில் அசைவு கேட்டது. அவள் மெல்ல என் பக்கம் திரும்பினாள்.

"ரசஞ்சோறு இருக்குங்களா?" என்றாள்.

"இருக்குது சாமி" என்றேன்.

இரண்டு நாளில் தட்டணுக்கள் ஏறத் தொடங்கின. அந்த வருடத்தை முழுசாக முடித்துவிட்டுத்தான் அவள் ஊருக்குப் போனாள். இப்போது அங்கே கால்நடை மருத்துவம் படிக்கிறாள். எதிர்வீட்டு அக்காவிடம்கூட வீடியோவில் பேசுகிறாள்.

என் மகளும் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவளை விட்டுவிட்டு வந்த அன்று விடுதிக் காப்பாளர் அம்மாவிடம் நான் "நல்லாப் பாத்துக்குங்க" என்று சொல்லவில்லை. "புள்ளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா மறைக்காம எனக்குச் சொல்லிப்போடுங்க" என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். பிள்ளையைத் தூரத்தில் விட்டிருக்கும் தாய்க்கு எது தூக்கம் தரும் என்பதை, இன்றுவரை நேரில் பார்த்திராத அந்த அம்மாவிடம்தான் நான் தெரிந்துகொண்டேன்.