பூஜ்யத்துக்கு மூன்று கொட்டேஷன்

சங்கத்துக்கு எந்தப் பொருள் வாங்கினாலும் மூன்று கடைகளில் விலைப்புள்ளி பெற்று, குறைந்ததை ஏற்க வேண்டும். எங்கள் பூ விவசாயிகள் சங்கத்தின் துணைவிதி இது. பொருளுக்கு விலையே இல்லாவிட்டால்...? விதி வாய் திறக்கவில்லை.

ரிட்டயர் ஆனவன் சும்மா இருக்கக் கூடாதென்று அகரம் பக்கத்து மல்லிகைக்காரர்கள் என்னைச் செயலாளராக்கியிருந்தார்கள். விடிகாலையில் மொக்கை எடை போட்டு, கம்ப்யூட்டரில் சீட்டு அடித்துக் கொடுத்தால்தான் கூடைகள் திண்டுக்கல் மார்க்கெட்டுக்கு வண்டி ஏறும். கையால் எழுதிய சீட்டு செல்லாது — தீர்மானம் எழுதியவன் அடியேன்.

கம்ப்யூட்டரில் ஓடிய விண்டோஸோ திருட்டுக் காப்பி. யார் போட்டது? தெரியாது. அதற்கு மட்டும் யாரும் கொட்டேஷன் கேட்டதில்லை! வாரம் ஒரு வைரஸ். எடை போடும் நேரம் பார்த்துத்தான் உறைந்து நிற்கும்.

கிளார்க் பிலோமினா ஒருநாள் ஒரு சிடியை நீட்டினாள். பத்திரிகையோடு இலவசமாக வந்ததாம்.

"லினக்ஸ் சார். விண்டோஸுக்குப் பதிலாப் போடலாம். ஓசி. யார் வேணாலும் காப்பி எடுக்கலாம், கேஸ் வராது. நம்ம கணக்கு ஷீட்டும் திறக்குது. போட்ருவமா?"

"ஒரிஜினல் விண்டோஸ் வாங்கினால்?"

"அந்தக் காசுக்குப் புதுத் தராசே வாங்கலாம் சார்."

"சரி, லினக்ஸ்தான். ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே!"

சிடியை பீரோவில் பூட்டிவிட்டுத் திண்டுக்கல்லில் மூன்று கடை ஏறினேன். "அன்னதானப் பந்தியில உக்காந்து பில்லு கேக்குறீங்களே சார்!" என்றார் முதல் கடைக்காரர். ஆனாலும் எழுதித் தந்தார் — ரூபாய் 0.00. இரண்டாமவரும் அப்படியே. மூன்றாமவர் மட்டும் 'வரி தனி' என்று சேர்த்திருந்தார்.

விலை சமமானால் மேலிடத்தில் தெளிவுரை கேட்க வேண்டும். கேட்டேன். நினைவூட்டினேன். மறுபடியும் நினைவூட்டினேன்.

பதில் வருவதற்குள் பெரிய முகூர்த்த நாள் வந்துவிட்டது. கூடைகள் வரிசையில். கம்ப்யூட்டர் உறைந்துவிட்டது. கிழக்கே வெளுக்கிறது.

"செத்த நேரம் பொறுங்க கருப்பையா" என்றேன், முதல் கூடைக்காரரிடம்.

"நான் பொறுப்பேன் சார், மொக்கு பொறுக்குமா? வெயில் ஏறுனா விரிஞ்சிரும். அப்புறம் இம்புட்டையும் உங்க ஃபைலுக்குத்தான் மாலையாப் போடணும்!"

வரிசை முழுக்கச் சிரித்தது. நான் துணைவிதியைப் புரட்டினேன். நன்கொடைக்கு விலைப்புள்ளி தேவையில்லை — அடுத்த பக்கத்திலேயே இருக்கிறது!

"பிலோமினா, அந்தச் சிடியைச் சங்கத்துக்கு நன்கொடையாகக் கொடு."

"நான் எப்பவோ குடுத்துட்டேன் சார். நீங்கதான் பூட்டி வச்சிருக்கீங்க!"

பீரோவைத் திறந்தேன். பிலோமினா சிடியைச் செருகினாள்; லினக்ஸ் அதிலிருந்தே ஓடியது. நான் திரையைப் பார்த்தேன், கருப்பையா கிழக்கைப் பார்த்தார். பிரிண்டர் கிறீச்சிட்டது.

"தாயி, நீ நல்லாருப்ப!" என்று கருப்பையா சீட்டை வாங்கிக்கொண்டு ஓடினார். மொக்கு மொக்காகவே வண்டி ஏறியது. அன்றிலிருந்து லினக்ஸ்தான்.

திருட்டுப் பொருளை நாம் கேள்வி கேட்பதில்லை. சும்மா கொடுப்பவனைத்தான் நிற்க வைத்துக் கேட்கிறோம்.

மேலிடத்துப் பதிலும் வந்தது: 'மூன்று நிறுவனங்களையும் நேரில் அழைத்துப் பேசி, விலையை மேலும் குறைக்க முயலவும்.'

வந்த நாள் — சில வருஷம் கழித்து, அந்தக் கம்ப்யூட்டரைப் பழைய இரும்புக்கு ஏலம் விட்ட ஆடிப் பதினெட்டு.