பலகையில் தார்

ருமேனியாவில், மூரெஷ் ஆற்றங்கரையில் உள்ள எங்கள் ஊரில் பெண்களுக்கு முடிவெட்ட ஒரே கடைதான் இருந்தது. எமோகேயின் கடை. அவள் ஹங்கேரியப் பெண். ஊரில் அவர்கள் கொஞ்சம் பேர். ருமேனியர்களான நாங்கள்தான் அதிகம். ஆனால் அவள் நாற்காலியில் உட்கார்ந்த யாரும் அதை நினைத்துப் பார்த்ததில்லை.

ஊர் எல்லைப் பலகையில் ருமேனியப் பெயருக்குக் கீழே ஹங்கேரியப் பெயரையும் புதிதாக எழுதினார்கள். சில நாளிலேயே கீழ்ப்பெயர்மீது யாரோ தார் பூசிவிட்டார்கள்.

அன்று எமோகேயின் பக்கத்து வீட்டு லெனுட்சா தலைக்குச் சாயம் போட வந்திருந்தாள். எமோகே தன் நாத்தனார் போக்லார்காவிடம் அவர்கள் மொழியில் ஏதோ சொன்னாள். லெனுட்சா கண்ணாடி வழியாகவே முறைத்தாள்.

"என்னடி சொன்னே அவகிட்ட?"

"வெந்நீர் கேட்டேன்."

"வெந்நீருக்கு இவ்வளவு நீளமா?"

"சூடு பாத்துக் கொண்டா, போன தடவை லெனுட்சா கத்தினான்னேன். போதுமா?"

"அப்ப என்னைப் பத்தித்தானே பேசினே!"

அதன்பின் எமோகே கடையில் ருமேனிய மொழி மட்டுமே பேசினாள். உடனே அவள் ஆட்களுக்குச் சந்தேகம் வந்தது. "ஏம்மா, நம்ம பாஷை வாய்க்குக் கசக்குதா? யாரு மெச்சிக்கணும்?" என்றாள் ஒருத்தி.

சனிக்கிழமை லெனுட்சாவின் கணவன் டோரின் முடிவெட்ட வந்தான். அண்டை வீடு என்பதால் அவனுக்கும் எமோகேயே வெட்டுவாள். அவன் காதுக்குப் பின்னால் தார் ஒட்டியிருந்தது.

"இது என்னண்ணே?"

"கொட்டகைக் கூரை ஒழுகுச்சு. தார் அடிச்சேன்."

"எப்ப?"

"ஏன், நீ என்ன போலீஸா?"

எண்ணெய் தேய்த்து அதை எடுத்துவிட்டாள். மாலையில் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். கூரையின் இந்தப் பக்கம் பழையபடியே இருந்தது. அந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டுமானால் அவர்கள் முற்றத்துக்குள் போகவேண்டும். தினமும் போய்வந்த முற்றம்தான். போகவில்லை.

போக்லார்காவிடம் மட்டும் சொன்னாள். இரண்டொரு நாளில் லெனுட்சா வீட்டு ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கின.

"வாடி வெளியே! வந்து கூரையில ஏறிப் பாரு!" என்று லெனுட்சா வேலியைப் பிடித்து உலுக்கினாள். எமோகே கதவைத் திறக்கவில்லை.

நான் போய்ப் பார்த்தேன். கூரையின் மறுபக்கம் முழுக்கப் புதுத் தார். எமோகேயிடம் வந்து சொன்னேன்.

"கூரைக்குப் பூசினது போக மிச்சம் இருந்திருக்கும்ல?" என்றாள். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உன்னை யாரு அனுப்பிச்சா?"

பலகையில் தார் பூசியவர் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. கடைத்தெருவில் ஒரு ருமேனியப் பெண் இன்னொரு முடிவெட்டும் கடை திறந்தாள். எங்கள் பெண்கள் அங்கே போனார்கள். அதுவரை ஹங்கேரியர்களின் தேவாலயக் கூட்டங்கள் பக்கமே தலைகாட்டாத எமோகேயை அவள் ஆட்கள் இப்போது முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். "நம்ம எமோகே" என்றார்கள். அவளும் மறுக்கவில்லை.

நான் மட்டும் கொஞ்சகாலம் அவள் கடைக்கே போய்க்கொண்டிருந்தேன். உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றுவிடும். என்னைப் பற்றித்தான் பேசியிருப்பார்கள் என்று எனக்கும் தோன்ற ஆரம்பித்தது. ஒருநாள் வாசல்வரை போய்த் திரும்பி, கடைத்தெருப் பக்கம் நடந்தேன்.