தாய்மாமன் போட்ட ஒரு கைப் பவுடர்

காலை பத்தே காலுக்கு என் தம்பி மாவில் கை வைத்தான். அதிலிருந்துதான் எல்லாம் கெட்டது.

பல்லடம் ரோட்டில் அவனுக்கு ஒரு பேக்கரி. காலையில் பன், மாலையில் பப்ஸ், நாள் முழுக்க அவனுடைய பேச்சு. நான் கொண்டுபோயிருந்தது என் மகள் உருவாக்கிய கோதுமையின் மாவு. மலையிலுள்ள ஆராய்ச்சிப் பண்ணையில், பிரெட்டுக்கு ஏற்ற கோதுமை ரகம் ஒன்றுக்காகப் பல வருஷமாக மெனக்கெடுகிறாள். ஒரு செடியின் பூவுக்கு வேறு செடியின் மகரந்தத்தைத் தூவி, காகித உறை மாட்டி, வந்த விதையை விதைத்து, தேறியதை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி விதைத்து. பிசைந்த மாவு இழுபட வேண்டும், காற்றைப் பிடித்துக்கொண்டு உப்ப வேண்டும். அந்தப் பலத்தைத் தருவது கோதுமையிலேயே இருக்கும் குளூட்டன் என்ற புரதம்.

விதைக்கு எடுத்து வைத்தது போக ஒரே ஒரு பிரெட்டுக்குத்தான் மாவு இருந்தது. ஆய்வகத்து அடுப்பு வழக்கம்போலப் பழுது. மாலையில் அவளுடைய அதிகாரி பேக்கரிக்கே நேரில் வந்து பார்த்து, இந்த ரகத்தைத் தொடரலாமா கைவிடலாமா என்று சொல்வார்.

"உப்பு, சர்க்கரை, ஈஸ்ட், தண்ணி. வேற எதையும் தொடாதே" என்று தம்பியிடம் படித்துப் படித்துச் சொன்னேன்.

"சரீங்க்கா. எனக்கே பிரெட் போடச் சொல்லித் தாறீங்களா?"

பிரெட் அச்சைத் தாண்டி எழும்பியது. டீ குடிக்க வந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். என் கண் நிறைந்துவிட்டது. அப்போது அவன் காதருகே வந்து சிரித்தான்.

"ஒரு கை குளூட்டன் பவுடர் சேத்திப்போட்டேனுங்க்கா. மாமன் கடையில அம்மணி மானம் போலாமுங்களா?"

காது குத்துக்கு மடியில் வைத்துக்கொண்ட நாளிலிருந்து என் மகளுக்கு எதிலும் குறை தெரியக்கூடாது இவனுக்கு. அவளுடைய பரீட்சைத் தாளைத் தானே எழுதிக் கொடுத்துவிட்டு, சீர்த்தட்டு இறக்கியவன்போல நிற்கிறான்.

"ஏன்டா, அவ கோதுமைக்குப் பலம் இருக்கான்னு பாக்கத்தானே இத்தனையும்?"

"பலந்தான் வந்துருச்சுங்களே!"

மகளுக்குப் போன் போட்டேன். அதிகாரியோடு மலைப்பாதையில் இறங்கிக்கொண்டிருந்தாள், சிக்னல் இல்லை. அதற்குள் தம்பி மனைவி பிரெட்டைப் படம் பிடித்துக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டாள். "கோதுமைக்கெல்லாமா டாக்டர் பட்டம்? கடையில ஆட்டா கிடைக்கலையா?" என்று கல்யாண வீடுகளில் என்னைக் குடைந்தவர்கள் எல்லாம் இப்போது பூமாலைப் படமும் கைதட்டும் படமுமாக அனுப்பினார்கள். பவுடருக்கு இத்தனை வாழ்த்து அதற்கு முன் கிடைத்திருக்காது.

"வாயத் தொறக்காதீங்க்கா. ஆபீசருக்கு என்ன தெரியும்? வெண்ணெய் தடவிக் குடுத்தாச் சாப்பிட்டுட்டுப் போறாரு" என்றான் தம்பி.

அந்த மட்டில் அவன் கணக்கு சரியாகத்தான் இருந்தது. மகளோடு வந்த அதிகாரி பிரெட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, "பிரமாதம்மா, மேலே போகலாம்" என்றார். சொல்ல வாயெடுத்தவள், வெண்ணெய்க் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

மகள் ஒரு துண்டைப் பிய்த்தாள். மெல்ல இழுத்தாள். அது அறாமல் நீண்டது. மாமனைப் பார்த்தாள், பிறகு என்னை.

"இது என்னுது இல்லைங்க சார்" என்றாள். "என் கோதுமைக்கு இன்னும் இவ்வளவு பலம் வரலைங்க."