முப்பத்தைந்து கிராம்

சந்தனமாரிக்கு மாளவிகாவின் கீபோர்டு மேல் பொறாமை என்று சொன்னால் அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள். அந்தச் சத்தம் தலைவலி என்பாள். ஆனால் தலைவலிக்காரி எவளும் பக்கத்து மேசைக்காரி சாப்பிடப் போன நேரம் பார்த்து அவளுடைய கீபோர்டைத் தூக்கி எடை பார்க்க மாட்டாள்.

மட்டாஞ்சேரியில் பத்திரம் எழுதும் ஆபீஸ் ஒன்றில் பத்தொன்பது வருஷமாக முன்மேசை சந்தனமாரியுடையது. இங்கே பத்திரத்தை ஆதாரம் என்பார்கள். ஆதாரம் எழுத வருகிறவர்கள் முதலில் அவள் எதிரில்தான் உட்காருவார்கள். அவளுடைய அப்பா கார்ப்பரேஷனில் ஓடை அள்ளியவர். மகள் கை சேற்றில் படக்கூடாது என்று பள்ளுருத்தியில் டைப்ரைட்டிங் படிக்க அனுப்பினார். அங்கே டீச்சர் கைக்கு மேல் அட்டையை வைத்து மறைத்துவிட்டு அடிக்கச் சொல்வார். மலையாளம், இங்கிலீஷ் இரண்டிலும் ஹையர் பாஸ். தமிழை வீட்டில் பேசுவாள், எழுத வராது. இப்போது வயது நாற்பத்துநாலு. விரல் கணு கொஞ்சம் தடித்திருந்தாலும் வேகம் குறையவில்லை.

போன மழைக்காலத்தில் மாளவிகா வேலைக்குச் சேர்ந்தாள். இருபத்தாறு வயது. அவளே சாமான் சாமானாக வாங்கிப் பூட்டிய கீபோர்டோடு வந்தாள். அடித்தால் ஓட்டுக் கூரையில் பெருமழை விழுகிற மாதிரி ஒரு கனத்த சத்தம். நிலம் விற்க வந்தவர்கள் விற்கிற துக்கத்தை மறந்துவிட்டு எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் போனில் படம்கூடப் பிடித்தார். முதலாளி வெங்கிடேஸ்வரனை எல்லாரும் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். மாளவிகா அவருக்குச் சொந்தமில்லை. ஆனால் அவர் வீட்டுத் தமிழ்தான் அவள் வாயிலும். சந்தனமாரிக்கு அதுவும் உறுத்தியது.

இந்த நேரத்தில் ஆபீஸ் கொச்சங்காடிக்கு மாறப்போகிறது என்று சாமி சொன்னார். புது இடத்தில் கண்ணாடி முன்னறை. அதில் ஒரே மேசை. மற்றவள் உள்ளே, ஜன்னல் இல்லாத அறையில்.

"முன்னாலே யாரு சாமி?" சந்தனமாரி கேட்டாள்.

"வியாழக்கிழமை அந்தக் குடோன் பாகப்பிரிவினை முடியட்டும். அப்பறம் பாக்கலாம், கேட்டியா?"

பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு பாக்கலாமாம். அந்த ஞாயிற்றுக்கிழமையே எறணாகுளத்துக்கு பஸ் ஏறினாள்.

கடைக்காரன் பெயர் ஸ்ரீநாத். பொறுமையான ஆள். பெட்டி, அதற்குள் போர்டு, போர்டின் மேல் தகடு, தகட்டில் பதிகிற சுவிட்சுகள், சுவிட்சின் மேல் மூடி என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். சந்தனமாரி கேட்டதெல்லாம் ஒரே கேள்வி: இதில் மாளவிகாவுடையதைவிட மேலே என்ன இருக்கிறது? அவள் பெட்டி பிளாஸ்டிக், அதனால் இவளுக்கு அலுமினியம். அவளுக்குச் சாதாரணத் தகடு, இவளுக்குப் பித்தளை. அவள் மூடிகளில் எழுத்து உண்டு, இவள் எழுத்தே இல்லாத மொட்டை மூடி எடுத்தாள். பார்த்து அடிக்கிறவர்களுக்குத்தான் எழுத்து வேண்டும்.

சுவிட்சுக்கு வந்தார்கள். விசை இறங்க எவ்வளவு கனம் வேண்டும் என்பதைக் கிராமில் சொல்வார்களாம்.

"சேச்சி பலமா அடிக்கிற ஆளா? விரலை விசை மேலேயே ஊனி வைக்கிற பழக்கம் உண்டா?"

சந்தனமாரிக்குச் சுருக்கென்றது. பலமாக அடிப்பது பழைய ஆட்கள் வேலை. "என்னைப் பாத்தா எப்படித் தெரியுது? அவளோடது எத்தனை கிராம்? அறுபத்தேழுன்னு பீத்திக்கிறா."

"யாரு?"

"யாரோ. இருக்கறதிலேயே லேசானது குடு."

"முப்பத்தஞ்சு இருக்கு. ஆனா மொத கீபோர்டுக்கு..."

"குடு."

ஓணம் போனஸ் அதோடு சரி. எப்போது வேண்டுமானாலும் சுவிட்சை உருவி வேறு போடலாம், சாலிடர் வேண்டாம் என்று அவன் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் புதுக் கீபோர்டை முன்மேசையில் வைத்தாள். பழையதை எல்லார் கண்ணும் பார்க்கக் குப்பைச் சாக்கில் போட்டாள். வியாழக்கிழமை காலையில் குப்பை எடுக்கிற ஹரித கர்ம சேனைப் பெண்கள் வந்து வழக்கம்போல் சாக்கோடு தூக்கிப் போனார்கள்.

பத்து மணிக்கு வேலை தொடங்கியது. ஜூ டவுன் குடோன் ஒன்றை மூன்று உடன்பிறப்புகள் பிரித்துக்கொள்கிறார்கள். மூன்று மணிக்குப் பதிவு. முதல் நான்கு பக்கங்களைச் சாமி அவர்கள் முன்னால் உரக்கப் படித்தார்.

"வடக்கே ரரரக விஸ்வேஸ்வரனோட கெட்டிடம். கிழக்கே ததத... என்னடி இது, எல்லையா, செண்டை மேளமா?"

மூத்தவர் சிரித்தார். தங்கை சிரிக்கவில்லை. "என் பங்கு இதிலே எங்கே இருக்கு?" என்றாள். சாமி மாளவிகா பக்கம் திரும்பினார்.

அழித்து மறுபடி அடித்தாள். மறுபடியும் ரரரக. பதினொன்றரைக்கு எல்லாரும் சாயா குடிக்க வெளியே போனார்கள். மாளவிகா மட்டும் போகவில்லை.

"மாரி சேச்சி, யோசிக்கறச்சே விரலை விசை மேலேயே ஊனி வைக்கறேள். பழைய மெஷினிலே அது தாங்கும். இது முப்பத்தஞ்சு கிராம், கை கனத்துக்கே எறங்கிடும். என் கீபோர்டை எடுத்துக்கோங்கோ."

"வேண்டாம்."

"ஏன்?"

"அது யாரோடதுன்னு வர்றவன் போறவனுக்கெல்லாம் தெரியும்."

மாளவிகா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். சந்தனமாரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். முன்னறையா, ஜன்னல் இல்லாத அறையா, மூன்றரை மணி நேரத்தில் முடிவாகிவிடும்.

"உள்ளே இருக்கிற சுவிட்சு மட்டும் குடு," என்றாள் தரையைப் பார்த்து. "என்னோடதை நீ போட்டுக்கோ. உள்ளே இருக்கிறது யாருக்கும் தெரியாது."

"இத்தனை தூரம் வாயைத் திறந்து கேட்டதே பெரிசு, சேச்சி."

"அதிகம் பேசாம உருவு."

எழுத்து வரிசைகளும் இடம் விடுகிற நீளப் பட்டையும் மட்டும் போதும் என்று மாளவிகா சொன்னாள். சுவிட்சை உருவும் இடுக்கி ஒன்றுதான் இருந்தது. அவள் உருவித் தந்தாள், சந்தனமாரி பதித்தாள். நேராக இறக்க வேண்டும், சாய்ந்தால் சுவிட்சின் கம்பிக்கால் மடங்கிவிடும். இரண்டு கால்கள் மடங்கின. மாளவிகா குண்டூசியால் நிமிர்த்திக் கொடுத்தாள். பன்னிரண்டரைக்கு இரண்டு கீபோர்டும் தயார்.

சந்தனமாரி விரல்களை ஊன்றினாள். திரையில் ஓர் எழுத்தும் விழவில்லை. அடித்தாள். ஒவ்வொரு விசையும் எதிர்த்து நின்று, பிறகு இறங்கி, விரலைத் திருப்பி அனுப்பியது. இரண்டேகாலுக்குப் பதினெட்டுப் பக்கம். சாமி படித்தபோது ஒரு ரகரம்கூட அதிகமில்லை. தங்கை தன் பங்கை இரண்டு முறை வாசித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். மூன்று மணிக்குப் பதிவும் நடந்தது.

"முன்னறை உனக்காக்கும்," என்றார் சாமி திரும்பி வந்ததும். "ஆனா ஒண்ணு கேட்டியா, கண்ணை மூடிண்டா மாளவிகா அடிக்கற மாதிரியே இருக்கு."

சந்தனமாரி தன் மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். கிடைத்துவிட்டது. கிடைத்த சந்தோஷம் கால் மணி நேரம்தான் இருந்தது. பின்மேசையில் மாளவிகா ஒரு வாடகைச் சீட்டு அடிக்கத் தொடங்கினாள். அவளுடைய மெல்லிய விரல்கள் விசையைத் தொட்டதும் தொடாததுமாகப் பறந்தன. முப்பத்தைந்து கிராம். அவள் முன்பு அடித்ததைவிட வேகம். பக்கத்துக்கடை அனில் வாசலில் நின்று, "மாளவிகா, ஸ்பீடு கூடிப்போச்சே!" என்றான்.

அது நான் தேடி எடுத்தது, என்று சந்தனமாரி நினைத்தாள். நான் பஸ் ஏறிப் போய் எடுத்தது.

"மாளவிகா, அடுத்த வாரம் திருப்பி மாத்திக்கலாம்."

"எதுக்கு சேச்சி? உங்களுக்கு அதுதானே சேர்றது?"

"சேர்றது வேற விஷயம். மாத்திக்கலாம்னு சொன்னேன்ல."