இருநூற்றைம்பது ஹெர்ட்ஸ் வாசல்

அமெச்சூர் வானொலிக்காரர்களின் மாதக் கூட்டத்துக்கு மலர் முதன்முதலாக வந்த அன்று, அவரைச் சாப்பாடு கொண்டுவந்த பெண் என்றே எல்லாரும் நினைத்துவிட்டார்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் துணிக்கடைக்கு மேலே ஓர் அறை. உள்ளே பன்னிரண்டு ஆண்கள், அதுவும் பசி நேரம். இரண்டு கையிலும் பெரிய பைகளோடு ஒரு பெண் மூச்சு வாங்கப் படியேறி வந்து நின்றால் வேறென்ன தோன்றும்?

“தாப்பாவ் வந்துருச்சு!” என்றார் பூச்சோங் பரமேஸ்வரன். “சிஸ்டர், அந்த மேசையில வச்சிருங்க. சம்பல் தனியா கட்டியிருக்கீங்களா?”

ஒரு பையில் இருந்தது பழைய வானொலிப் பெட்டி. இன்னொன்றில் வயர்ச் சுருள். மலர் வாயால் பதில் சொல்லவில்லை. மேசைமேல் பழகுவதற்காக வைத்திருந்த, புள்ளியும் கோடுமாக எழுத்துகளைத் தட்டி அனுப்பும் மோர்ஸ் கீயின் முன் போய் உட்கார்ந்தார். ‘நோ ஃபூட்’ என்று ஆங்கிலத்தில் நிறுத்தி நிதானமாகத் தட்டினார். ஒவ்வோர் எழுத்தும் அச்சடித்த மாதிரி விழுந்தது. அறை குலுங்கிச் சிரித்தது. பரமேஸ்வரனின் சிரிப்பு மட்டும் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது.

மலருக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. போர்ட் கிள்ளானில் ஒரு கம்பெனியில், இருபத்திரண்டு லோரிகளுக்கு எங்கே போக வேண்டும், எப்போது போக வேண்டும் என்று சொல்லும் வேலை. வீடு கிள்ளானில், ஐந்தாம் மாடியில். கணவர் லோகன் பள்ளி பஸ் ஓட்டுகிறார். மோர்ஸை மலர் கற்றதெல்லாம் வேலைக்குப் போய்வரும் ரயிலில்தான். காதில் இயர்ஃபோன், வாயில் ‘டிட் டா, டா டிட்’ என்று ஓயாத முணுமுணுப்பு. பக்கத்தில் இருப்பவர்கள் மெல்ல எழுந்து வேறு இடம் பார்ப்பார்களாம். “பை வைக்க சீட்டு கிடைச்சுது லா,” என்பார் மலர்.

இந்தக் கூட்டத்தாருக்கு ஞாயிறு மாலை ஐந்து மணி முக்கியமான நேரம். அன்று ஒருவர் தம் வீட்டிலிருந்தபடியே மோர்ஸில் எல்லாரையும் அழைப்பார். சிரம்பான், ஈப்போ, பூச்சோங் என்று ஆங்காங்கே இருப்பவர்கள் ஒவ்வொருவராகப் பதில் தட்டுவார்கள். நடத்துபவர் பெயரெழுதி, முறை கொடுத்து, நலம் கேட்டு அனுப்ப வேண்டும். இந்த ஞாயிறு அழைப்பைப் பல வருஷமாக நடத்தியவர் பிரிக்ஃபீல்ட்ஸ் சிவசம்பு. அவர் மகளோடு இருக்கக் கடல் கடந்து பெர்த்துக்குப் போவது முடிவானதும், அடுத்தது யார் என்ற கேள்வி வந்தது.

பரமேஸ்வரன் கை தூக்கினார். மலரும் தூக்கினார்.

“அப்ப ரெண்டு பேரும் ஆளுக்கு ரெண்டு ஞாயிறு நடத்துங்கோ. முதல்ல மலர். பிறகு எல்லாரும் கை தூக்கி முடிவு செய்வம்,” என்றார் சிவசம்பு.

மலருக்கு அந்தப் பொறுப்பு வேண்டும். ரொம்பவே வேண்டும். கோயில் குழுவில் பதினைந்து வருஷம் இருந்தும் அவருக்குக் கிடைத்த ஒரே பதவி கேசரி கிண்டுவது. தலைவர், செயலாளர் என்று பட்டியல் போடும்போதெல்லாம் அவர் அடுப்படியில் இருப்பார். ஒரே ஒரு தடவையாவது நாலு பேர் கூடி, ‘மலர், நீ நடத்து’ என்று சொல்லிக் கேட்க வேண்டும் என்பது அவருடைய ஆசை.

இடைஞ்சல் ஒன்றுதான், சத்தம். அடுக்குமாடி என்றால் லிஃப்ட் மோட்டார், பக்கத்து வீட்டு எல்இடி விளக்கு, எதிர்வீட்டு மீன்தொட்டி எல்லாம் வானொலிக்குள் புகுந்து இரையும். இதற்கு வழி ஃபில்டர். அது வானொலிக்கு வாசல் மாதிரி. வாசல் அகலமாக இருந்தால் ஊரே உள்ளே வரும். குறுகலாக இருந்தால் குறிப்பிட்ட ஆள் மட்டும் வருவார். மனிதர் பேச்சுக்கு அகல வாசல் வேண்டும். மோர்ஸுக்குச் சின்னதே போதும். கடையில் இரண்டு அளவு இருந்தன: கொஞ்சம் அகலமாக ஐந்நூறு ஹெர்ட்ஸ், ரொம்பக் குறுகலாக இருநூற்றைம்பது ஹெர்ட்ஸ். மலரின் பெட்டியில் ஒன்றை மட்டுமே பொருத்த இடம் உண்டு.

“பரமேஸ் அண்ணன் என்ன போட்டிருக்காரு?” என்று மலர் கேட்டார்.

“ஐந்நூறு,” என்றார் கடைக்காரர்.

“அப்ப எனக்கு இருநூத்தம்பது.”

தேர்வு அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து பொருத்திப் பார்த்தபோது மலருக்கே நம்ப முடியவில்லை. மீன்தொட்டி போயிற்று, லிஃப்ட் போயிற்று. மாடி முழுக்கத் தூங்கிவிட்ட மாதிரி அமைதி. அதன் நடுவே சிவசம்பு மட்டும் பளிங்கு போலக் கேட்டார்.

முதல் ஞாயிறு. மலர் அழைத்தார். சிவசம்பு வந்தார். கிள்ளானிலேயே இருக்கும் இரண்டு பேர் வந்தார்கள். ‘வேறு யாரும் உண்டா?’ என்று கேட்டார். அமைதி. இன்னொரு தடவை கேட்டார். அப்போதும் அமைதி. இருபது நிமிஷத்தில் முடித்து, கை தட்டிக்கொண்டு எழுந்தார்.

“என்னா சுத்தமா நடந்துச்சு தெரியுமா!” என்றார் கணவரிடம்.

“ஆளு வராட்டி எதுவும் சுத்தமாத்தான் நடக்கும்,” என்றார் லோகன்.

காப்பி ஆறுவதற்குள் வாட்ஸ்அப் குழு கொதித்தது. சிரம்பான் மார்க்கிரட் ஆன்டி ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்: ‘ஆறு தடவை கூப்பிட்டேன். பரவாயில்லை.’ எழுபது வயது மார்க்கிரட் ஆன்டியின் ‘பரவாயில்லை’ எவ்வளவு கனமானது என்பது குழுவில் எல்லாருக்கும் தெரியும். ‘இது கிள்ளான்காரங்க சங்கமா?’ என்று ஈப்போவிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். கடைசியாகப் பரமேஸ்வரன்: ‘சில பேருக்குச் சில பேர் குரல்தான் காதில் விழும் போல.’ கூடவே, கும்பிடும் கை இரண்டு. போதாதென்று சாட்சிக்குத் தம் வானொலியில் பதிவு செய்த முழு நிகழ்ச்சியையும் போட்டிருந்தார்.

மலருக்கு முகம் சுண்டிப்போயிற்று. “சத்தியமா யாரும் வரல, லோகன்!”

“போட்டுத்தான் கேளேன்.”

கேட்டார். சத்தியமாக வந்திருந்தார்கள். மொத்தம் பதினொரு பேர். மலர் ‘வேறு யாரும் உண்டா?’ என்று கேட்ட அமைதிக்குள், எட்டுப் பேர் மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டிருந்தார்கள். மார்க்கிரட் ஆன்டி நிஜமாகவே ஆறு தடவை. ஒவ்வொரு தடவையும் முன்னைவிட மெதுவாக, செவிடருக்குச் சொல்வது போல.

மூன்றாவது முறை கேட்கும்போதுதான் உறைத்தது. சிவசம்புவும் கிள்ளான்காரர் இருவரும் ஒரே சுருதியில் ஒலித்தார்கள். மார்க்கிரட் ஆன்டி மேலே, கீச்சென்று. ஈப்போ கீழே, தவளை மாதிரி. பழைய பெட்டிகள், ஆளுக்குக் கொஞ்சம் சுருதி தள்ளித் தள்ளித்தானே நிற்கும்! வாசலுக்கு நேரே நின்ற மூவரும் உள்ளே வந்துவிட்டார்கள். அரையடி தள்ளி நின்ற எட்டுப் பேரும் சுவரில் முட்டிக்கொண்டிருந்தார்கள்.

இனி வேண்டியது ஐந்நூறு. கடையில் தீர்ந்துவிட்டது. இருந்தது ஒருவரிடம்தான். மலர் மூச்சை இழுத்துவிட்டுப் பரமேஸ்வரனுக்குப் போன் செய்தார். இருவரிடமும் ஒரே ரகப் பெட்டி.

“அண்ணே, மாத்திக்கலாமா? என் இருநூத்தம்பது உங்களுக்கு, உங்க ஐந்நூறு எனக்கு.”

பரமேஸ்வரனுக்கு வாயெல்லாம் பல். தூரதேசத்து மெல்லிய ஒலிகளைப் பிடிக்க இருநூற்றைம்பதுக்கு அவர், விலையைப் பார்த்து வாங்காமல், ரொம்ப நாளாக ஏங்கியவர். “நெஜமாவா சிஸ்டர்?”

“முன்னாடியே சொல்லிடறேன். ஞாயித்துக்கிழமைக்கு இது ஆகாது. ஆளுங்க காணாமப் போவாங்க. எனக்கு அதான் நடந்துச்சு.”

“அது உங்களுக்குக் குமிழ் திருகத் தெரியல லா. நான் பாத்துக்கறேன்.”

“சொல்லிட்டேன்.”

“கேட்டுட்டேன், கேட்டுட்டேன்!”

இரண்டாம் ஞாயிறு. ஐந்நூறு வந்ததும் மீன்தொட்டியும் பாதி திரும்பி வந்துவிட்டது. மலர் கண்ணை மூடிக்கொண்டார். இரைச்சலுக்குள் மேலே ஒருவர், கீழே ஒருவர், ஒருவர்மேல் ஒருவர். சுருதியை வைத்து ஒவ்வொருவராகப் பிரித்து எழுதினார். பத்துப் பேர் ஆயிற்று. மார்க்கிரட் ஆன்டி மட்டும் வரவில்லை.

மலர் எல்லாருக்கும் கேட்கும்படி தட்டினார்: ‘மார்க்கிரட் ஆன்டி, மன்னிக்கணும். தப்பு என்னோடது.’

ஒன்றும் இல்லை. லிஃப்ட் ஒரு தடவை ஏறி இறங்கியது. லோகன் கதவோரம் நின்று பார்த்தார். மலர் மறுபடியும் தட்டினார்: ‘காத்திருக்கிறேன்.’ ஐந்தாம் மாடியில் ஒருவர், ஆங்காங்கே கீயைத் தொடாமல் பத்துப் பேர், எல்லாருமே ஆன்டிக்காகக் காத்திருந்தார்கள்.

அப்புறம் மேலே, கீச்சென்று, ரொம்ப மெதுவாக: ‘குளித்துக்கொண்டிருந்தேன். என்ன அவசரம்?’

மலர் சிரித்த சிரிப்பில் கீ மேசையிலிருந்து விழுந்தது.

அடுத்த இரண்டு ஞாயிறும் பரமேஸ்வரனுடையவை. புது ஃபில்டரை அவர் கழற்றவில்லை. கழற்றிவிட்டுப் பேச்சுக்கான அகல வாசலோடு நடத்தினால் மலர் சொன்னது சரியாகிவிடுமே! குமிழை மேலே திருகி மார்க்கிரட் ஆன்டியைப் பிடித்தால் ஈப்போக்காரர் நழுவினார். ஈப்போவைப் பிடிக்கக் கீழே வந்தால் ஆன்டி போய்விட்டார். முதல் வாரம் நாலு பேர், அடுத்த வாரம் ஐந்து. அன்று மாலை குழுவில் முதல் ஆளாக எழுதியதும் அவரேதான்: ‘சிஸ்டர் முன்னாடியே சொன்னாங்க. நான்தான் கேக்கல.’

கை தூக்கும் நாள் வந்தது. மேல்மாடி அறையில் பதினான்கு பேர். “மலர்?” என்று சிவசம்பு கேட்டபோது பதினொரு கை எழுந்தது. அதில் ஒன்று பரமேஸ்வரனுடையது.

“அப்ப மலர், நீ நடத்து பிள்ளை,” என்றார் சிவசம்பு.

பரமேஸ்வரன் மலர் பக்கம் சாய்ந்து, “சிஸ்டர், அந்த ஐந்நூறு...” என்று இழுத்தார்.

“மாத்துனது மாத்துனதுதான் அண்ணே,” என்றார் மலர்.

மலருக்கு இப்போது நாற்பத்தைந்து வயது. இன்னும் போர்ட் கிள்ளானில் அதே வேலையில்தான் இருக்கிறார். ஞாயிறுதோறும் மாலை ஐந்து மணிக்கு, கிள்ளானில் ஐந்தாம் மாடியிலிருந்து பதினாறு பேரை அழைக்கிறார். பெர்த்திலிருந்து சில வாரம் சிவசம்புவும் பதில் தட்டுகிறார்.