கடித்த பனங்கட்டி

அன்று எங்கள் விறாந்தையில் இருந்தது நாலு பேர்: அம்மா, நான், எனக்குப் பேசிய பெண்ணுக்காகத் தம்பலகாமத்திலிருந்து என்னைப் பார்க்க வந்திருந்த அவளுடைய தாய்மாமன், மூதூருக்கு லோஞ்ச் படகு ஓட்டும் தண்டையல். தங்கை குசினியில் நின்றாள். பெண் வரவில்லை; வருவது வழக்கமில்லை. அப்பா காலமாகிவிட்டார். அதனால்தான், "எங்கட பக்கத்தில கதைக்க ஒரு ஆம்பிளை வேணும், அண்ணை" என்று அம்மா தண்டையலைக் கூப்பிட்டிருந்தாள்.

வேறு யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். எனக்கு இருபத்தாறு வயது, அவருக்கு ஐம்பத்திரண்டு. துறைமுகக் கந்தோரில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அவரைத் தெரியும். இரண்டு வருடமாக நாங்கள் ஒருவரையொருவர் நேசித்தோம். அதற்கான சொல்லை ஊரில் வசவாக மட்டுமே கேட்டிருக்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தப் படிப்புக்காகப் பெண்வீட்டார் இனாம் தர இருந்தார்கள். அந்தக் காசு அப்படியே தங்கைக்குச் சீதனமாகும். அது கிடைக்காவிட்டால் அவளுக்குப் பேசிய இடம் கைவிட்டுப் போய்விடும்.

"பெடியன் எப்பிடி?" என்றார் மாமன்.

"குடி இல்லை, சூது இல்லை. கந்தோர் விட்டால் வீடு." தண்டையல் என் பக்கம் திரும்பவில்லை.

"நேர வீடோ?"

"சில நாளைக்கு என்ர லோஞ்சில வந்து காத்து வாங்குவார்."

"எங்கட பக்கம் கடல் இல்லை, தம்பி. யானைதான் இருக்கு," என்று மாமன் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள்.

தங்கை தேத்தண்ணியும் பனங்கட்டியும் கொண்டுவந்து வைத்தாள். லோஞ்சில் எனக்கும் தண்டையலுக்கும் ஒரு பழக்கம். பனங்கட்டித் துண்டில் பாதியை நான் கடித்து மீதியை நீட்டுவேன். அவர் அதைக் கடித்துக்கொண்டு தன் தேத்தண்ணியைக் குடிப்பார். மாமன் வயல் கதை சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டபடியே நான் பாதியைக் கடித்து மீதியை நீட்டினேன். தண்டையல் வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

வயல் கதை நின்றது.

"எங்கட ஊரில புருஷன்ர எச்சிலைப் பெண்சாதிதான் தின்னுவாள்," என்றார் மாமன்.

"கடல்ல அதெல்லாம் பாக்க ஏலாது. ஒரு கோப்பையிலதான் எல்லாரும் குடிக்கிறனாங்கள்."

"அப்பிடியோ." மாமன் தன் துண்டைக் கடித்து, ஈரமான மீதியை நீட்டினார். "அப்ப இதையும் தின்னுங்கோவன்."

தண்டையல் வாங்கினார். வாயில் போட்டால் தப்பிவிடுவோம். போடுங்கோ, போடுங்கோ என்று மனதுக்குள் கெஞ்சினேன். அவர் அதை விரல்களுக்கு இடையில் பிடித்தபடியே இருந்தார். பிறகு தேத்தண்ணிப் பீரிசின் ஓரத்தில் மெல்ல வைத்தார்.

"பஸ்ஸுக்கு நேரமாகுது, தங்கச்சி," என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு மாமன் எழுந்து போனார். அம்மா பீரிசையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் தின்னேல்லை?" என்று படலையடியில் கேட்டேன்.

"ஏலாமல் போச்சு," என்றார்.

லோஞ்சில் அவருக்குப் பாதிப் பங்கு இருந்தது. அந்தக் கிழமையே அதை ஏழாயிரத்துக்கு விற்று, தங்கையின் சீதனம் என்று அம்மாவிடம் கொடுத்தார். அம்மா வாங்கிக்கொண்டாள். "இனி இந்தப் படி ஏறாதேங்கோ, அண்ணை," என்றாள்.

ஆவணியில் தங்கைக்குத் தாலி ஏறியது. அவர் அதே லோஞ்சைக் கூலிக்கு ஓட்டினார். பின்னேரங்களில் நான் போய் அதில் இருந்தேன். அவர் தின்னாத அந்தப் பனங்கட்டித் துண்டு எங்களுக்கு ஏழாயிரம் ரூபாய்.