ஆற்றங்கரைக்கு ஒரே ஒரு பை

என் தங்கையின் கணவரைப் பற்றி நாலு பேர் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதுகிற நான் நாலாம் வகுப்பு. அதிலும் பாதிதான். ஆனால் இன்றைக்கு எங்கள் ஊரில் யார் வீடு மாற்றினாலும் அட்டைப்பெட்டியும் கயிறும் டேப்பும் என் கடையிலிருந்துதான் போயாக வேண்டும். பழைய பெட்டிகளைத் தலையில் சுமந்து, "பெட்டி, பெட்டி" என்று கத்தி விற்றவன் நான். இப்போது என் கடைக்கு மூன்று ஷட்டர். பட்டம் வாங்கிய பிள்ளைகள் ஐந்து பேர் என்னிடம் வேலை பார்க்கிறார்கள். நான் உள்ளே வந்தால் எழுந்து நிற்கிறார்கள். சரி, என் பெருமை எங்கே ஓடிவிடப்போகிறது, மாப்பிள்ளை கதைக்கு வருகிறேன்.

மாப்பிள்ளைக்குத் தொழில் வீடு மாற்றிக் கொடுப்பது. ஒரு லாரி, நான்கு ஆட்கள். தெருவில் அவருக்கு 'முடிச்சு' என்று பெயர். அவர் கட்டிய கட்டு, லாரி குட்டிக்கரணம் போட்டாலும் அவிழாது. இருபத்தாறு வருடத்தில் அவர் கையால் ஒரு கண்ணாடி டம்ளர் உடைந்ததில்லை. இதை அவரே சொல்லமாட்டார், நான்தான் சொல்லவேண்டும். தன் பெருமையைத் தானே பேசத் தெரியாத மனிதர். அது ஒரு குறைதான்.

ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் அவர் மனிதர்களைப் பார்க்கமாட்டார். வாசல் நிலையைப் பார்ப்பார். படி திரும்புகிற இடத்தைப் பார்ப்பார். ஒருமுறை துக்கம் விசாரிக்கப் போயிருந்தோம். எல்லோரும் அழுதுகொண்டிருக்கிறார்கள். இவர் என் காதருகே குனிந்து, "மச்சான், அந்தக் கட்டில் இந்தப் படியில இறங்காது, காலைக் கழட்டணும்" என்றார்.

கையும் சும்மா இருக்காது. போன வருடம் என் வீட்டில் பேசிக்கொண்டே இருந்தவர், மேசைமேல் இருந்த என் மூக்குக்கண்ணாடியைச் செய்தித்தாளில் சுற்றி, டேப் ஒட்டி, மேலே என்னவோ எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டார். 'உடையும் பொருள், கண்ணாடி' என்று எழுதியிருந்தாராம். கண்ணாடி இல்லாமல் அதை நான் எப்படிப் படிப்பேன்? சாயங்காலம் வரை தேடினேன்.

அவருக்குத் தங்கையைக் கொடுத்த கதையும் இதே வகைதான். நான் முதன்முதலில் மாடிவீட்டுக்குக் குடிபோனபோது, ஆளுயரக் கண்ணாடி வைத்த பீரோ ஒன்று இருந்தது. வளைந்த படி. பெரிய பெரிய ஆட்களெல்லாம் கையை விரித்துவிட்டார்கள். இவர் தனியாளாக முதுகில் சாய்த்து, குழந்தையை ஏற்றுவதுபோல ஏற்றிவிட்டார். ஒரு கீறல் இல்லை. அன்று மாலையே தங்கையிடம் சொன்னேன்.

"கண்ணாடியை இப்படித் தாங்குறவன் உன்னையும் தாங்குவான்மா."

"நான் என்ன பீரோவாண்ணா?" என்றாள். ஆனால் மாட்டேன் என்று சொல்லவில்லை.

தாங்கினார்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் இருபத்துநான்கு வருடத்தில் அவள் அவரோடு போன பயணமெல்லாம் லாரியின் முன்சீட்டில் போன பயணம்தான். இறங்கிய இடமெல்லாம் யாரோ ஒருவருடைய புது வீடு. "கடற்கரை ஊருக்குக்கூட போயிருக்கேண்ணா. கடலைப் பாக்கலை. மூணு மணி நேரம் ஒரு ஃப்ரிட்ஜைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்" என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

இந்த வருடம் அவளே போனில் ஓர் இடத்தைத் தேடிப் பிடித்தாள். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரம். ஆற்றங்கரை, மரங்களுக்கு நடுவே நாலைந்து குடில்கள், பக்கத்தில் ஊரோ கடையோ கிடையாது. யாரையும் கேட்காமல் இரண்டு நாளுக்கு ஒரு குடிலைப் பதிவுசெய்துவிட்டு, எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் படத்தைக் காட்டினாள்.

"ரெண்டு நாள். ஆத்தைப் பாத்துக்கிட்டு உக்காரணும். அவ்வளவுதான். நானும் எதையும் தூக்கமாட்டேன், நீங்களும் எதையும் தூக்கக்கூடாது."

மாப்பிள்ளை படத்தையே பார்த்தார். "வாசலுக்கு எத்தனை படின்னு இதுல தெரியலையே" என்றார்.

மறுநாள் காலை என் கடைக்கு வந்துவிட்டார். அவர் தொழிலில் இடத்தைப் போய்ப் பார்க்காமல் ஒரு நாற்காலியைக்கூட நகர்த்தமாட்டார்கள். "மச்சான், ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வந்துடுவோமா?" என்றார். நியாயம்தானே? ஆழம் தெரியாமல் காலை விடலாமா? என் காரிலேயே போனோம். கார் என்னுடையது, சொந்தம்.

விடுதிக்காரர் நல்ல மனிதர். குடிலைத் திறந்துகாட்டிவிட்டு, "இந்த ஜன்னலைத் திறந்தா ஆறு தெரியும் சார்" என்றார். மாப்பிள்ளை ஜன்னலைத் திறக்கவில்லை. இஞ்ச் டேப்பை எடுத்து ஜன்னலை அளந்தார். நிலையை அளந்தார். மூலைக்கு மூலை தரையை அளந்தார். படிகளில் ஏறி இறங்கி, ஒவ்வொன்றையும் காலால் தட்டினார்.

"என்ன சார் அளக்கறீங்க?"

"பீரோ வந்தா இந்த இடத்துல திரும்புமா?"

விடுதிக்காரர் என்னைப் பார்த்தார். "ரெண்டு நாள்தானே சார் தங்கறீங்க?"

"ரெண்டு நாளா இருந்தா என்ன, ரெண்டு வருஷமா இருந்தா என்ன, பீரோ பீரோதானே?" என்றார் மாப்பிள்ளை.

அவர் அளந்துகொண்டிருந்த நேரத்தில், நான் எப்படித் தலைச்சுமையிலிருந்து மூன்று ஷட்டருக்கு வந்தேன் என்பதை விடுதிக்காரருக்கு எடுத்துச் சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டது. கொட்டாவியை அடக்கியதால்தான் கலங்கியது என்று மாப்பிள்ளை திரும்பும் வழியில் சொன்னார். அவருக்கு மனிதர்களை எடைபோடத் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் தங்கை ஓடிவந்தாள். முகமெல்லாம் வெளிச்சம். "ஆறு எப்படிங்க இருந்துச்சு?"

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"ஆறா?" என்றார். "இருந்துச்சு."

"தண்ணி நிறைய ஓடுதா?"

"படி பதினொண்ணு. நிலை ரெண்டே முக்கால் அடி. நல்ல நிலை."

"அண்ணா, நீங்களாவது பாத்தீங்களா?"

"நான் பேசிக்கிட்டிருந்தேன்மா."

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். மாப்பிள்ளை எல்லாவற்றையும் அளந்துவிட்டார், ஆறு ஒன்றுதான் பாக்கி. தங்கையின் முகத்தில் இருந்த வெளிச்சம் போய்விட்டது. பிறகு ஒரே ஒரு விரலைக் காட்டினாள்.

"ஒரு பை. ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே ஒரு பை. ரெண்டாவது பை இந்த வாசலைத் தாண்டிச்சுன்னா நான் தனியா போய்க்குவேன். சும்மா சொல்றேன்னு நினைக்காதீங்க."

மாப்பிள்ளைக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. கடைக்கு வந்து பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து, "ஒரு பையில என்ன மச்சான் பிடிக்கும்?" என்று புலம்பினார். அப்போது வந்த யோசனை என்னுடையது. அதை ஒளிக்க ஒன்றுமில்லை. என் மூன்றாவது ஷட்டரை ஒட்டி லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிறவர் இருக்கிறார். அவரைக் கூப்பிட்டு, "ஆறடிக்கு நாலடி, உயரம் நாலடி, ஒரு பை தைங்க" என்றேன்.

"பையா, கூடாரமா?" என்றார்.

"காது ரெண்டு வச்சா பை" என்றேன். வைத்தார்.

புறப்படுகிற நாள் காலை ஆறரை மணிக்கு அவர்கள் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் பை உட்கார்ந்திருந்தது. அதைச் சுற்றிக்கொண்டுதான் சமையலறைக்குப் போகவேண்டும். மெத்தை, மடக்கு நாற்காலி இரண்டு, டேபிள் ஃபேன், குக்கர், கொசுவலை, கூடத்துச் சுவர்க்கடிகாரம், ஏணி. எல்லாம் தாளில் சுற்றி, அடுக்கி, என் கண்முன்னேதான் வாயைக் கயிற்றால் இழுத்து ஏழு முடிச்சு போட்டார். அழகு என்றால் அப்படி ஓர் அழகு.

"ஏணி எதுக்கு மாப்பிள்ளை?"

"ஏணி எப்பவும் இருக்கணும் மச்சான்."

ஏழு மணிக்கு பஸ். இவர்கள் பஸ்ஸில் போக, பை எட்டு மணி லாரியில் பின்னால் வரும் என்பது ஏற்பாடு.

தங்கை தோளில் கைப்பையோடு அறையிலிருந்து வந்தாள். நின்றாள்.

"என்னங்க இது?"

"பை."

"எத்தனை?"

"ஒண்ணுதான்" என்று மாப்பிள்ளை அடக்கமாகச் சொன்னார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அவள் திட்டவில்லை, அழவில்லை. பையைச் சுற்றி நடந்துபோய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டாள். "நீங்க பைக்குத் துணையா இருங்க. நான் ஆத்தைப் பாக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிவிட்டாள்.

"தெருமுனை வரைக்கும் போவா, திரும்பிடுவா. என் தங்கச்சியை எனக்குத் தெரியாதா?" என்றேன். தெருமுனை வரைக்கும் போனாள். முனை திரும்பினாள். வரவில்லை.

மாப்பிள்ளை பையின்மேல் பொத்தென்று உட்கார்ந்தார். "மச்சான், நிஜமாவே போயிட்டா. இனிமே என்னை எதுக்கும் கூப்பிடமாட்டா" என்றார். முதுகில் பியானோ சறுக்கியபோதுகூட நான் அவரை அந்த முகத்தோடு பார்த்ததில்லை.

"எழுந்திருங்க, பிடிச்சிடலாம். கார்ல போவோம். என் சாவி எங்க? இந்த மேசைமேல வச்சேனே."

"மேசைமேலயா?" என்றார். "மேசைமேல இருந்ததெல்லாம் உள்ள போயிடுச்சு மச்சான்."

"உங்க போன்?"

"பபுள் ஷீட்டுல சுத்தி, உள்ள."

"செருப்பு?"

"ஜோடி ஜோடியா, உள்ள."

அப்படியானால் அவிழுங்கள் என்றேன். குனிந்தார். இழுத்தார், நெம்பினார், பல்லால் கடித்தார். அப்போதுதான் எங்கள் இருவருக்கும் ஒரு விஷயம் உறைத்தது. இருபத்தாறு வருடமாக அவர் கட்டித்தான் பழக்கம். அவிழ்ப்பது வீட்டுக்காரர்களின் வேலை, அதற்குள் இவர் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்.

"தள்ளுங்க. கயிறுலயே பிறந்து வளர்ந்தவன் நான்" என்று நான் இறங்கினேன். என் நகம் ஒன்று போனது. கயிறு என் கடைக் கயிறு, தரமான கயிறு, அதனால்தான்.

"கத்தி எங்க?"

அவர் பையைப் பார்த்தார்.

"கத்தியையுமா மாப்பிள்ளை?"

"தனியா இருந்தா உடைஞ்சிடுமேன்னு..."

"கத்தி எப்படி உடையும்? எதிர்வீட்ல கேளுங்க."

"முடிச்சு போட்ட முடிச்சை அறுக்க முடிச்சே கத்தி கேட்டான்னு தெருவுக்குத் தெரிஞ்சா, நாளைக்கு எவன் மச்சான் என்னைக் கூப்பிடுவான்?"

என் கைக்கடிகாரத்தில் ஏழுக்குப் பன்னிரண்டு நிமிடம். அவர் பையைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், மறுபடி பையைப் பார்த்தார். அதன் காதை ஒருமுறை தடவிக்கொடுத்தார். பிறகு சட்டென்று என் செருப்புக்குள் காலை நுழைத்து, என் சட்டைப்பையில் கையை விட்டு அகப்பட்ட பணத்தை அள்ளிக்கொண்டு ஓடினார். என் செருப்பு அவருக்கு ஒரு அளவு பெரிது. கையில் சுமையில்லாமல் அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. இரண்டு கையும் வேலை தேடுவதுபோல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைந்தன. பாதித் தெருவிலிருந்து திரும்பிக் கத்தினார்.

"மச்சான், வாசக்கதவு! பூட்டும் உள்ள இருக்கு! பாத்துக்குங்க!"

எட்டு மணிக்கு அவருடைய ஆட்கள் வந்தார்கள். ஏற்றவேண்டாம், என் கார் சாவி உள்ளே இருக்கிறது, அவிழுங்கள் என்றேன். நால்வரும் முடிச்சைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "அண்ணன் போட்டது, நாங்க கை வைக்கமாட்டோம்" என்று போய்விட்டார்கள். கடைக்குப் போன் செய்தால் ஒரு பூட்டும் கத்தியும் வந்துவிடும்தான். ஆனால் எழுந்து நிற்கிற அந்தப் பிள்ளைகள், முதலாளி வெறுங்காலோடு ஒரு கயிற்றிடம் தோற்று உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாமா? வியாபார விஷயமாக வெளியூர் என்று என் வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டேன். தொட்டுப் பார்த்ததில் பையின் எந்தப் பக்கம் மெத்தை இருக்கிறது என்று தெரிந்தது. அந்தப் பக்கமாகச் சாய்ந்துகொண்டேன்.

மாலை நான்கு மணிக்குத் தங்கை கூப்பிட்டாள்.

"வந்து சேந்தாராம்மா?"

"பஸ் நகர்ந்துடுச்சுண்ணா. பின்னாலயே ஓடி வர்றார், ஒரு கால்ல செருப்பு, ஒரு கையில செருப்பு. நான்தான் நிறுத்தச் சொன்னேன்."

அவள் பக்கத்து இருக்கையில் கைப்பையை வைத்து, "ஆள் வருது" என்று மூன்று பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். அதையும் அவளே சொன்னாள். அப்படியானால் எதற்கு அவ்வளவு வேகமாகத் தெருமுனை திரும்பினாய் என்று கேட்டேன். சிரித்தாள்.

"இப்ப என்ன பண்றார்?"

"கரையில கல்லுமேல உக்காந்திருக்கார். முதல்ல அந்தக் கல்லு எத்தனை கிலோ இருக்கும்னு சொன்னார். அப்புறம் அக்கரைக்கு எவ்வளவு தூரம்னு சொன்னார். இப்ப அரைமணி நேரமா ஒண்ணும் சொல்லலை. ஒரு மீன்கொத்தியைப் பாத்துக்கிட்டிருக்கார்."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இவ்வளவுக்கும் காரணம் யார்? பை மட்டும் சின்னதாக இருந்திருந்தால் அவர் அதையும் தூக்கிக்கொண்டல்லவா போயிருப்பார்? "பாத்தியா, அண்ணன் போட்ட திட்டம்!" என்று உரக்கவே சொன்னேன். முதலில் பெட்டி விற்ற காலத்திலிருந்து நான் போட்ட திட்டம் ஒன்றுகூடப் பிசகியதில்லை என்பதையும் விளக்க ஆரம்பித்தேன்.

"அண்ணா," என்றாள், "போனை வைங்க. உங்க சத்தத்துக்கு மீன்கொத்தி பறந்துடுச்சு."

வைத்துவிட்டேன். மறுநாள் மூன்று தடவை கூப்பிட்டேன். எடுக்கவே இல்லை.